சப்பாத்தோடு நீந்துகிற பிள்ளை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.08.1994

அன்புத் தங்கை புஸ்பராணிக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மாரிக்கு முன்னமே வந்து குந்திவிட்டது. நீயும் உன் மனிசன் கனகசுந்தரமும் என் மகன் கதிராமனும் அந்தக் குளிரிலும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. கடையில் நான் இருக்கிற கதிரைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். வலை வாங்க வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "முதலாளி, மகன் நல்லா வந்திட்டான்" என்கிறார்கள். எனக்குச் சந்தோசப்பட ஏலாமல் இருக்கிறது. முழங்காலில் காயம், காற்சட்டை முழுக்கச் சேறு, தலையில் எண்ணெய் இல்லை. ஆனால் வாய் காது வரைக்கும் போய்விட்டது. ஆறு வயது வரை அவன் என்னோடு இருந்தவன். அப்படி ஒரு சிரிப்பு அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே இருக்கும்போதே வைத்திருந்து எனக்குக் காட்டாமல் விட்டானா, அங்கே போய்த்தான் தேடிக்கொண்டானா?

நான் மனதில் பட்டதை எழுதுகிறவன். அவனைப் பெற்ற கனகமணி கண்ணை மூடி, தொண்ணூறாம் ஆண்டுக் கலவரமும் வந்த பிறகு அவனை உன்னோடு அனுப்பினது உயிரோடு இருக்கட்டும் என்று. விளையாடித் திரியட்டும் என்று இல்லை. பதின்மூன்று வயதில் இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கினேன். இன்றைக்குக் கயிறோ வலையோ வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்றோ, குச்சவெளியில் இருந்து வெருகல் வரைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். சிரித்துக்கொண்டு திரிந்து வந்ததில்லை அது. ஆகையால் பின்னேரம் கணக்கு, பதினாறாம் வாய்பாடு வரைக்கும் மனப்பாடம், பொழுதுபட்டால் வீட்டுக்குள். பிரம்பு அங்கே எடுக்க ஏலாதென்றால் எழுது, அனுப்புகிறேன்.

மற்றது உனக்குத் தெரிந்ததுதான். அவன் சாதகத்தில் பன்னிரண்டு வயது முடியும் வரைக்கும் நீர்க்கண்டம். கடலுக்கு முன்னால் கடை வைத்துக்கொண்டு அவனைக் கால் நனைக்க விடாமல் வளர்த்தவன் நான். நீங்கள் இருக்கிற இடம் கடலைவிடப் பள்ளம் என்று கனகசுந்தரம் எழுதினதில் இருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. உங்கள் வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு தூரம் என்று எழுது.

கடிதத்தின் அடியில் "அப்பா சுகமா" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறான். கொஞ்சம் கூட எழுதச் சொல்லு.

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் கோணேசர் பொறுப்பு.

அண்ணன்
குணரத்தினம்


ஹோர்ன், ஒல்லாந்து.
25.09.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு ஆராவது வந்தால் கொடுத்து விடுவேன். சுடுதண்ணி ஒத்தடம் பிடியுங்கள்.

பிரம்பு வேண்டாம் அண்ணா. இங்கே பிள்ளைக்குக் கை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எனக்குத்தான் புத்தி சொல்லுவார்கள்.

முதல் வருசம் நான் பைத்தியக்காரி மாதிரித்தான் இருந்தேன். மழை தூறினால் கதிராமனைக் கம்பளியால் சுற்றிக் கட்டி வீட்டுக்குள் வைத்திருப்பேன். பக்கத்து வீட்டு வில்மாவின் மூன்று பிள்ளைகளும் அந்த மழையில் சைக்கிள் ஓடும். ஒருநாள் வில்மா வேலியால் எட்டிப் பார்த்து, "இவன் என்ன, சீனியாலையோ செய்தது, கரைஞ்சு போக?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு அவனைச் சைக்கிளில் தனியாகப் பள்ளிக்கூடம் விட்டேன். விட்டேன் என்று சொல்லுகிறேனே தவிர, மரத்துக்கு மரம் ஒளித்து நின்று பின்னால் போனேன். வில்மா கண்டு பிடித்துவிட்டாள். தோளில் தட்டி, "நீ ஆரை உளவு பாக்கிறாய்?" என்றாள். இவ்வளவுக்கும் அவள் பிள்ளைகளைக் கவனிக்காதவள் இல்லை. கத்தி கொடுத்து உருளைக்கிழங்கு சீவ விடுவாள். கை வெட்டுப்பட்டால் கட்டிவிட்டு, திரும்பவும் கத்தியைக் கொடுப்பாள்.

ஒரு புதினம் சொல்லுகிறேன். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்கிறோமே, இவர்களும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். மேசையில் இழுக்கிற லாச்சியும் லாச்சிதான். அந்தக் காலத்து ஒல்லாந்தர் எங்கள் கோட்டைக்குள் இருந்து போனபோது விட்டுவிட்டுப் போன சொற்களாக்கும். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் இந்த ஊரில் எனக்கு முதல் முதல் பசி எடுத்தது.

கதிர் படிக்கிறான். ஒன்பதாம் வாய்பாடு தடக்காமல் சொல்லுவான். நீங்கள் கேட்ட மற்றதுகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் அரைநாள்தான். அப்போது எடுத்த படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
புஸ்பராணி

அப்பா, வில்மாவின் நாய் குட்டி போட்டது. ஒரு குட்டி கறுப்பு. யான் என்கிறவன் வில்மாவின் மகன், அவன் என் சினேகிதன். கதிர்.


திருகோணமலை.
20.10.1994

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். ஒத்தடம் பிடித்தேன், கொஞ்சம் குறைவு. உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

ஆர் இந்த வில்மா? உன் கடிதத்தில் எங்கே பார்த்தாலும் அவள் நிற்கிறாள். கதிர் எழுதினது மூன்று வரி. ஒன்று வில்மாவின் நாய்க்கு, ஒன்று குட்டிக்கு, ஒன்று அவளுடைய மகனுக்கு. எனக்கு மிச்சம் இல்லை. நாய்க்குட்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற தகப்பன் ஆகிவிட்டேன். சிரிக்காதே, எனக்கு எரிகிறது.

நீ மரத்துக்குப் பின்னால் ஒளித்த கதையை முஹம்மது தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன்ட தங்கச்சி திருந்திட்டா. நீ எப்ப மச்சான் திருந்துற?" என்றான். இங்கே ஒரு பிள்ளையைத் தனியே சைக்கிளில் விட்டால் எந்தச் சென்றியில் ஆமிக்காரன் மறிப்பான், எவன் எந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான் என்று அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்த வில்மாவைக் கொஞ்ச நாள் உட்துறைமுக வீதியில் வந்து இருக்கச் சொல்லு. மூன்று பிள்ளைகளையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். அவளுடைய பிள்ளை வளர்ப்பில் எனக்குப் பொறாமை இல்லை. அவளுடைய தெருவில்தான் பொறாமை.

இனி விசயத்துக்கு வருகிறேன். புதுப் படத்தில் கதிரின் தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மழை என்பாய். சைக்கிள் சீட் காய்ந்திருக்கிறது, நிலம் காய்ந்திருக்கிறது, அவனுடைய சேட்டும் காய்ந்திருக்கிறது. குளித்துவிட்டு நிற்கிறான் என்பாய். வீட்டில் குளித்தவன் ஏன் தோளில் பையும் கழுத்தில் துவாயுமாகத் தெருவில் நிற்கிறான்? பழைய வலைக்குச் சாயம் போட்டுப் புதிது என்று என்னிடமே விற்க வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கத் தெரிந்தவன். வாய்க்கால் தூரத்தைக் கேட்டேன், நீ லாச்சிக் கதை சொல்லுகிறாய்.

புதன்கிழமைப் பின்னேரத்தில் என் மகன் எங்கே போகிறான்?

பதிலைப் பார்த்திருக்கிற
அண்ணன்


ஹோர்ன்.
24.11.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்தோடுதான் பிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் சுகம் கேட்காமல் தொடங்க மனம் வரவில்லை. முழங்கால் எப்படி? இங்கே மூவரும் சுகம்.

நீச்சலுக்குப் போகிறான். சித்திரையில் தொடங்கினது. வாய்க்கால் எங்கள் வளவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. குசினி யன்னலைத் திறந்தால் தாரா வாத்து நீந்துகிறது தெரியும். எழுதப் பயந்துதான் எழுதவில்லை.

இங்கே நீந்தத் தெரியாத பிள்ளை இல்லை. பள்ளிக்கூடமே கூட்டிக்கொண்டு போகும். நான் முதலில் விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் தடிமன் என்று சொல்லி மறித்தேன். மற்றப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போக, இவன் வகுப்பில் தனிய இருந்து படம் கீறுவான். எல்லாப் படமும் வள்ளம்தான். ஒருநாள் வில்மா வந்து ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாசையில் சாதகத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"உங்கடை சாத்திரம் இவன் தண்ணிக்குள்ளை விழுவான் எண்டு சொல்லுது. சரி, நான் நம்புறன். விழேக்கை நீந்தத் தெரிஞ்சிருக்கிறது நல்லமோ, தெரியாமல் இருக்கிறது நல்லமோ?"

இந்தக் கேள்வியை உங்களிடமே விடுகிறேன். பதில் வந்தால் எழுதுங்கள்.

மாசியில் பரீட்சை. உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு குதித்து நீந்த வேணும். தவறி விழுகிற ஆள் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விழுவதில்லை என்கிறார்கள். முதல்நாள் நான் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். வில்மா திறக்கச் சொன்னாள். "விடு, ஆனால் பார்த்துக்கொண்டு விடு" என்றாள். அதைத்தான் பழகுகிறேன் அண்ணா. அவன் நீந்தும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன், ஓடிப்போய்ப் பிடித்துவிடாமல் இருக்க.

என்னை ஏசுங்கள். அவனை ஏசாதீர்கள்.

தங்கை
புஸ்பராணி


திருகோணமலை.
12.12.1994

புஸ்பராணிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கேள்விக்குப் பதில் கேட்டாய். விழாமல் பார்த்துக்கொள்ளுகிறதுதான் தகப்பனுடைய வேலை. விழுந்த பிறகு என்ன செய்கிறது என்கிறது வில்மாவுடைய கதை. நீச்சலை இன்றோடு நிற்பாட்டு.

என்னிடம் கேட்காமல் என் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க உனக்கு ஆர் உரிமை தந்தது? கனகமணி இருந்திருந்தால் அந்தத் துவாயைப் படத்தில் கண்டவுடனேயே மயங்கி விழுந்திருப்பாள். வயிற்றில் சுமந்தவளுக்கு அந்த நடுக்கம் இருக்கும். சுமக்காதவளுக்கு விடுகிறது லேசுதான்.

குணரத்தினம்


திருகோணமலை.
22.01.1995

தங்கை புஸ்பராணிக்கு,

நான் சுகம். உன் சுகம் தெரியவில்லை. மார்கழி முழுக்கத் தபால்காரனைப் பார்த்தேன். பொங்கலும் போய்விட்டது. நீ எழுதவில்லை.

இங்கே சண்டை நின்றிருக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது. கடலில் மறிப்புக் குறைந்து, சல்லி ஊர்ப் பக்கத்து வள்ளமெல்லாம் வெளியே போகின்றன. மீன் வந்து குவிகிறது. முஹம்மது தம்பிக்கு ஐஸ் போதவில்லை, எனக்கு நைலோன் கயிறு போதவில்லை. நேற்றுப் பொழுதுபட்ட பிறகும் சந்தியில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். ஒருவரும் கூப்பிட்டு உள்ளே எடுக்கவில்லை. நான் கடை வாசலில் நின்று கனநேரம் பார்த்தேன். எவனுடைய பிள்ளைகளோ.

அதனால் சொல்லுகிறேன். ஆடி விடுமுறைக்குக் கதிரைக் கூட்டிக்கொண்டு வா. வந்தால் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு அங்கே இருக்கிறதுக்கான கடதாசியெல்லாம் சரிவந்துவிட்டது என்று கனகசுந்தரம் முன்பு எழுதியிருந்தான். வர ஏலாது என்று சொல்லாதே.

தைப்பொங்கலன்று ரெலிபோன் எடுத்தேன். கதிர்தான் எடுத்தான். "மாமி குளிக்கிறா" என்றான். பின்னால் நீ இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சரி, விடு. படிக்கிறாயா என்று கேட்டேன். ஓம் என்றான். சாப்பிட்டாயா, ஓம். வேறு என்ன கேட்கிறதென்று எனக்கும் தெரியவில்லை. பிறகு அவனாகவே ஒன்று கேட்டான். "அப்பா, மூதூர் லாஞ்சி கட்டுற ஜெற்றியடியிலை கடல் எவ்வளவு ஆழம்?" இதெல்லாம் உனக்கு ஏன், வாய்பாட்டைச் சொல் என்றேன். லைன் அறுந்துவிட்டது. அறுந்ததா, அவன் வைத்தானா தெரியாது.

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

அண்ணன்


ஹோர்ன்.
05.03.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் சுகம். கொத்தமல்லி குடித்தேன். கதிரும் இவரும் சுகம்.

எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மார்கழியில் எழுதினது உண்மைதான். நான் சுமக்கவில்லை. அதை எனக்கு ஒருவரும் எழுதி அறிவிக்கத் தேவையில்லை. அதுக்கு மேல் அந்தக் கதையை நான் கதைக்கவில்லை, நீங்களும் கதைக்க வேண்டாம்.

நீச்சலை நிற்பாட்டவும் இல்லை. கதிர் பாஸ். மாசிக் கடைசியில் பரீட்சை நடந்தது. நீளக் காற்சட்டை, சேட்டு, சப்பாத்து, எல்லாம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தண்ணீருக்குள்ளே ஒரு படங்குச் சீலை தொங்குகிறது, அதில் ஒரு ஓட்டை. குதித்து, அடியால் போய் அந்த ஓட்டைக்குள்ளால் வெளியே வர வேணும். அவன் குதித்தான். தண்ணீர் மூடிவிட்டது. நான் அப்போது கோணேசரைக் கூப்பிட்டேனா கனகமணி அண்ணியைக் கூப்பிட்டேனா தெரியாது. அந்தப் பக்கத்தால் கறுத்தத் தலை ஒன்று வந்தது. சப்பாத்து ஒன்று கழன்றுவிட்டது, அதையும் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தான்.

இனி எழுதுகிறதைத்தான் இவ்வளவு நாளும் எழுத ஏலாமல் இருந்தது. கரைக்கு ஏறி, நனைந்த உடுப்போடு ஓடிவந்தான். நான் துவாயை விரித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் என்னைத் தாண்டிப் போய் வில்மாவைக் கட்டிப் பிடித்தான். பிறகுதான் என்னிடம் வந்தான்.

எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். அவனுக்குச் சமைத்துப் போட்டது நான், காய்ச்சலில் கண் விழித்தது நான், அவள் வேலியால் எட்டிப் பார்த்தவள். அப்படியே நினைத்துக்கொண்டு போக, நாய்க்குட்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன் என்று நீங்கள் எழுதினது ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் உங்கள் மேல் இருந்த கோபம் போனது.

ஆடியில் வருகிறோம். அவன்தான் துள்ளிக்கொண்டு நிற்கிறான். ஆனால் ஒரு வேலை செய்துவிட்டேன். "அப்பாவுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டான். துறைமுகத்தில் கடை வைத்திருக்கிற மனிசனுக்கு நீந்தத் தெரியாது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லுகிறது? ஓம், நல்லாத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேருமா நீந்துவம்" என்றான்.

இனி உங்கள் பாடு.

தங்கை
புஸ்பராணி


திருகோணமலை.
02.04.1995

அன்புத் தங்கை புஸ்பராணிக்கு,

காது இரண்டும் உப்புத் தண்ணீரால் அடைத்திருக்கிறது. மற்றும்படி சுகம். நீங்கள் மூவரும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேணும்.

மார்கழிக் கடிதத்தின் கடைசி வரியை நீயே வெட்டிவிடு. நான் வெட்டிவிட்டேன்.

உன்னுடைய ஓம் வந்து சேர்ந்த அன்று கடையில் வேலை ஓடவில்லை. பொய் சொன்னவள் நீ, மூழ்கப் போகிறவன் நான். முஹம்மது தம்பியிடம் சொன்னேன். இருபது வருசமாக அவன் காத்திருந்த நாள் அது. "கயிறு விக்கிறவனுக்குக் கயிறு கட்டி இறக்கப் போறேன்" என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கடை பூட்டினதும் மனையாவெளிக் கடற்கரைக்குப் போகிறோம். நேவிச் சென்றியில் நிற்கிற பொடியன் முதல்நாள் துவக்கோடு எழும்பி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். முஹம்மது தம்பி சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். அந்தப் பொடியன் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டிருக்கும். இப்போது பின்னேரமானால் எங்களைப் பார்த்திருக்கிறான். நான் தாழ்ந்தால் கை தட்டுகிறான்.

முதல் கிழமை கழுத்தளவுக்குப் போகவே பயந்தேன். தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. வள்ளத்துச் சாமான் விற்றேன், வள்ளத்தில் ஏறினதில்லை. கண்டம் கதிருக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் அதற்குள்ளே ஒதுங்கி நின்றேன்.

மல்லாந்து கிடக்கச் சொன்னான். முதுகுக்குக் கீழே கையை வைத்துத் தாங்கினான். நான் கல்லு மாதிரி. "மச்சான், உடம்ப விடு" என்றான். விட்டேன். வானம் தெரிந்தது. எவ்வளவு நேரமோ கிடந்துவிட்டு, கையை எடுத்துவிடாதே என்று சொன்னேன். அவன் சத்தம் அங்காலே கரையில் இருந்து வந்தது. பீடி புகைத்துக்கொண்டு இருக்கிறான். எப்போது கையை எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. உடனே தாழ்ந்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் அன்றிரவு உன்னை நினைத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற உன்னை.

முன்னுக்குப் போக இன்னும் வரவில்லை. ஆடிக்குள் வந்துவிடும். வில்மாவைக் கட்டிப் பிடித்த கதை எனக்கு இன்னும் எரிகிறது. உனக்கும் எரிந்தது என்கிறதால் கொஞ்சம் குறைவு. ஒன்று கேட்டு எழுது: சப்பாத்து லேஸ் கட்டுகிறதா, கட்டாததா?

அண்ணன்
குணரத்தினம்


திருகோணமலை.
09.05.1995

அன்பு மகன் கதிராமனுக்கு,

அப்பா சுகம். உன் சுகத்தை நீயே எழுத வேணும், மாமி எழுதினால் நான் ஏற்கமாட்டேன். இதை அவவுக்கும் வாசித்துக் காட்டு.

சித்திரையில் இங்கே திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. துறைமுகப் பக்கம் கேட்ட வெடியில் கடையில் இருந்த உன்னுடைய படம் கீழே விழுந்தது. கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. கடலை மூடிவிட்டார்கள். வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. மனையாவெளியில் கை தட்டின நேவிப் பொடியனைக் காணவில்லை. எங்கே போனான் என்று கேட்க ஏலாது.

ஆடியில் நீ வரக் கூடாது. உன்னைக் கூப்பிட்டது நான்தான், வேண்டாம் என்கிறதும் நான்தான். இதை எழுதுகிறதுக்கு ஒரு கிழமை பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். அங்கேயே இரு. மழையில் திரி. யானோடு போ. வாய்பாடு உனக்கு வரும்போது வரட்டும். வில்மாவையும் வேண்டுமென்றால் கட்டிப் பிடி. எனக்குப் பிடிக்காதுதான், இருந்தாலும் பிடி.

இன்னொன்று. மாமி உனக்குச் சொன்னது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. எனக்கு நீந்தத் தெரியாது. பங்குனியில்தான் இறங்கினேன். மல்லாந்து மிதக்க மட்டும் பழகினேன். முன்னுக்குப் போகத் தெரியாது. அதற்குள் கடலை மூடிவிட்டார்கள். நீ வந்து, உன் அப்பா கரையில் நிற்கிறதைக் கண்டு வெட்கப்படக் கூடாது என்றுதான் இறங்கினது. இப்போது நீ வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது.

சாதகத்துக் கண்டம் தீர இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. தண்ணீருக்குப் போனால் சப்பாத்தோடு போ.

உன்
அப்பா


ஹோர்ன்.
11.06.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நானேதான் எழுதுகிறேன். மாமி பக்கத்தில் இருக்கிறா, ஆனால் பார்க்கவில்லை. மாமாவும் சுகம். கறுத்தக் குட்டி இப்ப எங்களுடைய வீட்டில் இருக்கிறது. உங்களுடைய முழங்கால் சுகமா?

உங்களுக்கு நீந்தத் தெரியாது என்று எனக்குத் தெரியும். சின்னனில் கயிறு குடுக்க ஜெற்றிக்குப் போகும்போது நீங்கள் எப்பவும் நடுவாலேதான் நடப்பீங்கள். என்னுடைய கையை நோக நோகப் பிடிப்பீங்கள். லாஞ்சி வந்து இடித்து ஜெற்றி ஆடினால் உங்களுடைய கை வேர்த்து நனையும். மாமி ஓம் என்று சொன்ன நேரமும் எனக்குத் தெரியும். மாமி பாவம் என்று பேசாமல் இருந்தனான்.

வகுப்பில் எங்களைப் பார்த்து, ஏன் நீச்சல் பழகுறீங்கள் என்று கேட்டவை. யான் வள்ளம் ஓட என்று சொன்னான். நான், அப்பா விழுந்தால் தூக்க என்று சொன்னனான். ஆழம் கேட்டது அதுக்குத்தான். நீங்கள் சொல்லவே இல்லை.

இப்ப நான் சனிக்கிழமையில் வேறை வகுப்புக்குப் போறன். அதில் ஆளை இழுத்துக்கொண்டு நீந்தப் பழக்குறார்கள். உடுப்போடு இருக்கிற பெரிய ஆளையும் இழுக்கலாம். முகத்து நாடிக்குக் கீழே கையைக் குடுத்துப் பின்பக்கமாக இழுக்க வேணும். ஆனால் அந்த ஆள் என்னைப் பிடிக்கக் கூடாது. பயத்தில் பிடித்தால் இரண்டு பேரும் தாழுவோம். மல்லாந்து சும்மா கிடக்க வேணும். கனபேருக்கு அதுதான் ஏலாதாம்.

உங்களுக்கு அது தெரியும்தானே. அது போதும் அப்பா. முன்னுக்குப் போறதை நான் பார்த்துக்கொள்ளுவேன்.

கடல் திறந்தால் எழுதுங்கள்.

மகன்
கதிராமன்